கட்டுத்தறி சேரும் வரை





உங்களில் விமானப் பயணம் செய்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சக்கரங்கள் சென்னை ஓடுபாதையைத் தொட்டு ஒரு குலுக்கலோடு ஓடுகின்றன. அடுத்த நிமிடமே இருக்கைப் பட்டைகளைக் கழற்றும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்கிறது. கைபேசிகள் உயிர் பெறுகின்றன. "இறங்கிட்டேம்மா" என்று பலர் பேசத் தொடங்குகிறார்கள். இருக்கையில் அமருமாறு பணிப்பெண் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்து மேலே உள்ள பெட்டியை இழுக்கிறார். விமானமோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் நம்முடைய மனதிற்குள் பயணம் முடிந்துவிட்டது. ஆபத்தெல்லாம் ஆகாயத்தில்தான், தரைக்கு வந்தபின் பயமில்லை என்பது நம் எண்ணம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

கடந்த ஆண்டு விடுப்பில் அமெரிக்காவுக்குச் சென்றிருந்தபோது, என் மனைவியின் அண்ணன் மகனுடைய வீட்டில் சில நாட்கள் தங்கினோம். டெக்சாஸ் மாநிலத்தில் சிறு விமானங்களை ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவனுடைய தொழில். ஒரு சனிக்கிழமை காலை, "மாமா, வாருங்கள், உங்களை ஒரு சுற்று அழைத்துப் போகிறேன்" என்று தன் விமானத்தளத்துக்குக் கூட்டிச் சென்றான். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தைவிட அமைதியான இடம். கட்டுப்பாட்டுக் கோபுரம்கூட அங்கே இல்லை. நான்கு பேர் அமரக்கூடிய செஸ்னா 172 என்னும் விமானத்தில் வலப்பக்க இருக்கையில் என்னை அமர்த்தினான். 1955ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த இந்த வகை விமானம், இதுவரை 40,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டிருக்கிறது. உலகெங்கும் பறக்கக் கற்றவர்களில் ஏராளமானோர் இதில்தான் கற்றார்கள்.

இயந்திரம் உறுமியது. முன்னால் விசிறி சுழன்றது. நான் உற்சாகமாக, "எத்தனை அடி உயரம் போவோம்?" என்று கேட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்லும்வரை பேச வேண்டாம். வேறு விமானமோ ஆளோ நம் வழியில் வருவதைப் பார்த்தால் மட்டும் உடனே சொல்லுங்கள்" என்றான்.

எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நாங்களோ இன்னும் தரையில், ஒருவர் வேகமாக நடக்கும் அளவு வேகத்தில்தான் உருண்டுகொண்டிருந்தோம். இதற்கு இவ்வளவு கெடுபிடியா என்று நினைத்தேன்.

ஓடுபாதைக்குப் போகும்போதும், இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வரும்போதும் விமானம் தன் சொந்தச் சக்தியால் தரையில் உருண்டு செல்வதை 'டாக்ஸி' செய்தல் என்று விமானிகள் சொல்லுகிறார்கள். அதைக் கவனித்துப் பார்த்தபோதுதான் அது எளிய காரியமல்ல என்று விளங்கிற்று. கைக்கு எதிரே சக்கரம்போன்ற ஒரு பிடி இருக்கிறது. ஆனால் அதைத் திருப்பினால் தரையில் விமானம் திரும்பாது. கால்களால் மிதித்துத்தான் திருப்ப வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர்கள் முதல் நாளில் கையைத் திருப்பிவிட்டு, விமானம் நேராகப் புல்தரையை நோக்கிப் போவதைக் கண்டு திகைப்பார்களாம். இறக்கைகள் இரண்டும் சேர்ந்து 36 அடி நீளம். அந்த அகலத்தை மனதில் சுமந்துகொண்டேதான் ஒவ்வொரு வளைவிலும் திரும்ப வேண்டும். பின்னாலிருந்து பலத்த காற்று அடித்தால், நிற்கும் விமானத்தையே அது சாய்த்துவிடக்கூடும். வாலின் கீழே சிறு சக்கரம் உள்ள பழைய விமானங்களில் மூக்கு மேல்நோக்கி நிற்பதால், நேர் எதிரே என்ன இருக்கிறதென்றே விமானிக்குத் தெரியாது. ஆகையால் அவர் பாம்பைப்போல வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே செல்லுவார்.

இந்த நிலையில் விமானி ஒரு கணம் தலை குனிந்தால் போதும். வரைபடத்தைத் தேடவோ, வானொலியின் எண்ணை மாற்றவோ, மடியிலுள்ள கணினிப் பலகையைத் தொடவோ குனிந்திருக்கலாம். அதற்குள் இறக்கையின் நுனி அருகே நிற்கும் விமானத்தையோ எரிபொருள் வண்டியையோ தட்டிவிடும். சக்கரம் பாதையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் விழுந்து விசிறி மண்ணில் இடித்தால், விசிறி மட்டுமல்ல, இயந்திரத்தையும் பிரித்துச் சோதிக்க வேண்டியதாகும். சுழலும் விசிறிக்கு முன்னே ஒரு மனிதர் வந்துவிட்டாலோ, அதை நான் சொல்ல வேண்டியதில்லை. நடக்கும் வேகத்தில்தான் இவை யாவும் நேரிடுகின்றன.

ஓடுபாதைக்குச் சற்று முன்னால், தரையில் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் இரண்டு முழுக்கோடுகள், ஓடுபாதையின் பக்கத்தில் இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடுகள். என் மருமகன் அவற்றுக்கு முன்பாகவே முழுவதும் நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் பட்டியலைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். பின்பு இருபுறமும் வானத்தை ஏறிட்டுப் பார்த்து, தான் ஓடுபாதையில் ஏறுவதை வானொலியில் அறிவித்தான். மேலே போய்ச் சமநிலையில் பறக்கத் தொடங்கியதும் புன்னகையோடு, "இப்போது கேளுங்கள் மாமா, எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்" என்றான்.

நான் கேட்டேன்: "தரையில் வாயைத் திறக்க விடவில்லை. ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் பேசச் சொல்லுகிறாயே, இது என்ன நியாயம்?"

அவன் சொன்ன விடையைப் பின்னர் நானும் படித்து அறிந்துகொண்டேன். 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, அமெரிக்காவின் சார்லட் நகரில் மூடுபனியினூடே இறங்க வந்த ஒரு பயணிகள் விமானம் ஓடுபாதையை எட்டுமுன்பே தரையில் மோதியது. 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறங்கும் வேளையில் விமானிகள் இருவரும் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் தெரியவந்தது. இதுபோன்ற விபத்துகளை ஆராய்ந்த பின்பு, 1981இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு விதியை உண்டாக்கியது. முக்கியமான கட்டங்களில், பயணத்தின் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத எந்தப் பேச்சும் எந்த வேலையும் விமானியறையில் கூடாது என்பதே அது. புறப்படுவதும் இறங்குவதும் அந்தக் கட்டங்களில் அடங்கும் என்பது நாம் எதிர்பார்த்ததே. ஆனால் தரையில் உருண்டு செல்லுவதும் அந்த விதியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தனியார் சிறு விமானங்களைச் சட்டப்படி இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆயினும் நல்ல ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்கு இதையே பழக்கமாகக் கற்பிக்கிறார்கள்.

விதி இருந்தும் மனிதர் தவறுகிறோம் என்பதற்கும் ஒரு துயரமான சான்று உண்டு. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 27, ஞாயிற்றுக்கிழமை. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில், விடியுமுன் இருட்டில், காம்ஏர் நிறுவனத்தின் ஐம்பது இருக்கைகள் கொண்ட சிறிய ஜெட் விமானம் அட்லாண்டாவுக்குப் புறப்பட்டது. அது போயிருக்க வேண்டிய ஓடுபாதை 7,003 அடி நீளம். அது தவறுதலாகத் திரும்பிய ஓடுபாதையோ 3,500 அடிதான். அதில் விளக்குகளும் எரியவில்லை. விளக்கில்லாதது வினோதமாக இருக்கிறது என்று விமானிகள் ஓடத்தொடங்கிய பின் பேசிக்கொண்டார்கள், ஆனால் நிறுத்தவில்லை. விமானத்திலிருந்த 50 பேரில் 49 பேர் மாண்டார்கள். துணை விமானி ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

தரையில் உருண்டு சென்றபோது தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைக் காட்டிய அடையாளங்களை விமானிகள் பயன்படுத்தவில்லை. சரியான ஓடுபாதைதானா என்று ஒத்துப்பார்க்கவுமில்லை. அந்த நேரத்தில் அவர்கள் பேசிய சம்பந்தமில்லாத பேச்சும் இதற்கு ஏதுவாயிற்று. விசாரணையின் முடிவு இதுவே. அவர்கள் அனுபவமில்லாதவர்கள் அல்லர், பொல்லாதவர்களும் அல்லர். நம்மைப்போல, பழகிய வேலையைப் பழகிய விதமாகச் செய்துகொண்டிருந்தவர்கள். காற்றில் அல்ல, தரையில், சில திருப்பங்களுக்குள்ளே அந்த விமானம் வழிதவறிப்போயிருந்தது.

அன்று நாங்கள் இறங்கியபோது என் மருமகன் மறுபடியும் மௌனமானான். விமானத்தை அதன் இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, இறக்கைகளையும் வாலையும் தரையிலிருந்த வளையங்களோடு கயிற்றால் கட்டி முடித்தபின்தான் பேசினான். நம் ஊரில் மாலையில் மாடுகளைக் கட்டுத்தறியில் கட்டுவதுபோல இருந்தது. அதைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, சற்று நேரம் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, கற்றுக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் நான் தனியாக நெடுந்தூரம் போய்விட்டு வந்தேன். பக்கக்காற்று கடுமையாக இருந்தது. ஆனாலும் அருமையாக இறக்கினேன். அதுவரை நான் இறக்கியதிலேயே அதுதான் சிறந்தது. ஓடுபாதையை விட்டு வெளியே வந்ததும், நல்லபடியாக இறங்கிவிட்டேன் என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பக் குனிந்தேன். இரண்டு வார்த்தைதான். நிமிர்வதற்குள் இடது இறக்கை நின்றுகொண்டிருந்த ஒரு விமானத்தின் வாலில் மோதிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது."

"என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"இயந்திரத்தை அணைத்துவிட்டு நேராக ஆசிரியரிடம் போய், செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன், என் தவறு என்று சொன்னேன். அந்த விமானத்தின் சொந்தக்காரரிடமும் சொன்னேன். பிறகு நாசாவுக்கும் எழுதினேன்."

நாசா என்றதும் நான் வியந்தேன். விண்வெளிக்கு ராக்கெட் அனுப்பும் அதே நிறுவனந்தான். அது 1976 முதல் ஓர் ஏற்பாட்டை நடத்தி வருகிறது. விமானி, கட்டுப்பாட்டாளர், பழுதுபார்ப்பவர் எவராயினும், தாம் செய்த தவறையோ கண்ட ஆபத்தையோ அதற்குத் தாமாகவே எழுதி அனுப்பலாம். எழுதியவரின் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, அதிலுள்ள பாடம் மட்டும் மற்றவர்களுக்குச் சென்று சேருகிறது. தண்டிப்பதற்காக அல்ல, இன்னொருவர் அதே இடத்தில் இடறாதிருப்பதற்காக. தவறை மறைத்தால் அது மறைத்தவனோடு நிற்பதில்லை, அடுத்தவன் தலையில் விடியும் என்று அந்தத் துறையினர் அறிந்திருக்கிறார்கள்.

பிரியமானவர்களே, அவன் இதைச் சொல்லச் சொல்ல என் முகம் வாடிற்று. ஏனென்றால் எனக்கும் ஒரு சத்தம் காதில் இருந்தது. அதை நான் எவரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்லுகிறேன்.

அதற்கு முந்தின ஆண்டு அறுப்பின் பண்டிகை நாள். அன்றைய பிரசங்கம் நன்றாக அமைந்திருந்தது. ஆராதனை முடிந்து, ஏலமும் முடிந்து, ஆலய வளாகத்தில் காரைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். நத்தை வேகம். அப்போது கைபேசி ஒலித்தது. பிரசங்கத்தைப் பாராட்டி ஒரு சகோதரர் நீண்ட செய்தி அனுப்பியிருந்தார். காரை நிறுத்தாமலே அதைப் படித்தேன். உண்மையைச் சொல்லுவதானால், இரண்டாம் முறையும் படித்தேன்.

பின்னால் தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது. கோயில்பிள்ளை "ஐயா! ஐயா!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். இறங்கிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரு சிறு பிள்ளையின் சைக்கிள் சக்கரத்தின் கீழே வளைந்து கிடந்தது. அதன் சொந்தக்காரி, ஏழெட்டு வயதுச் சிறுமி, கையில் ஒரு பலூனோடு நாலடி தள்ளி நின்றாள். பலூன் காற்றில் உருண்டதால் அதைப் பிடிக்கச் சைக்கிளைவிட்டு இறங்கியிருந்தாள். அந்தப் பலூன் உருளாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத என் கை வரவில்லை.

பிள்ளையின் தகப்பனார் வந்தார். "பரவாயில்லை ஐயா, சைக்கிள்தானே" என்று அவரே என்னைத் தேற்றினார். கூடியிருந்தவர்கள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் சொன்னேன்: "பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை."

பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை. அந்த வாரமே புதிய சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். எல்லாரும் என் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி சைக்கிள் நசுங்கிய சத்தத்தைவிட அதிகமாக என்னை வாட்டியது. அன்று காலை பிரசங்க பீடத்தில் நின்றபோது ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பேசினேன். கீழே இறங்கியபின் என் ஊழியம் அன்றைக்கு முடிந்தது என்று மனம் தளர்ந்தது. அந்த விமானத்தளத்தில் இருபத்தைந்து வயதில் ஒரு மாணவன் செய்ததை, ஐம்பதைக் கடந்த போதகனாகிய நான் செய்யவில்லை.

சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 11ஆம் அதிகாரத்தை இந்த வாரம் அமர்ந்து வாசியுங்கள். கோலியாத்தின் முன்னே தாவீது விழவில்லை. சவுல் துரத்திய வனாந்தரத்திலும் விழவில்லை. அங்கெல்லாம் ஒவ்வொரு அடியையும் கர்த்தரிடம் கேட்டுக் கேட்டு வைத்தான். யுத்தத்துக்குச் சேனையை அனுப்பிவிட்டு, எருசலேமில் தன் சொந்த அரண்மனையின் மேல்மாடியில் உலாவிய சாயங்காலத்தில்தான் விழுந்தான். அவனுக்கு அது பத்திரமான இடம், கவசம் தேவையில்லாத நேரம். விழுந்தது ஒரு பார்வையில். அதை மறைக்கப் போனதோ ஒரு குற்றமற்ற மனிதனின் உயிரைப் பறிப்பது வரைக்கும் சென்றது. நாத்தான் வந்து நேருக்கு நேர் நின்றபோதுதான் அவன் வாயிலிருந்து உண்மை வந்தது. அவன் மனந்திரும்புதலும் அங்கேதான் தொடங்கிற்று.

மாட்டு வண்டிக்காரன் உறங்கினாலும் காளைகள் வழி தெரிந்து வீடு வந்து சேரும் என்று நம் முன்னோர் சொல்லுவார்கள். விமானத்துக்கு அந்த அறிவு இல்லை, காருக்கும் இல்லை. நம்முடைய நாவுக்கும் கண்ணுக்கும்கூட இல்லை. நம்மில் பலர் பெரிய சோதனைகளில் உறுதியாய் நிற்கிறோம். மருத்துவமனையில் ஜெபிக்கிறோம், தேர்வுக்கு முன்னே உபவாசிக்கிறோம். எல்லாம் நல்லபடியாக முடிந்து வீடு திரும்பிய மாலையில், கையில் கைபேசியோடு அமர்ந்திருக்கும்போது, மனைவி சொல்லுவது காதில் விழுவதில்லை. பிள்ளை எதையோ சொல்ல வந்து, நம் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. அங்கே எதுவும் நொறுங்கும் சத்தம் கேட்பதில்லை என்பதுதான் வேறுபாடு.

என் மருமகனிடம் நான் கற்ற சில பழக்கங்களை உங்களுக்கும் சொல்லுகிறேன். தலை குனிய வேண்டிய வேலை இருந்தால், முதலில் வண்டியை நிறுத்து, உருண்டுகொண்டே படிக்காதே. கோட்டைத் தாண்டுமுன் இருபுறமும் பார். பாதை வெறுமையாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதே. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. கோபுரமுள்ள பெரிய விமான நிலையத்துக்குப் புதிதாக வரும் விமானி, பாதை தெரியாவிட்டால் வானொலியில் தயங்காமல் அதைச் சொல்லலாம். கோபுரத்திலிருப்பவர், இங்கே திரும்பு, அங்கே நில் என்று ஒவ்வொரு திருப்பமாக அவருக்கு வழிகாட்டுவார். அப்படிக் கேட்பது இழிவல்ல. கேட்காமல் தவறான பாதையில் திரும்புவதே ஆபத்து. நாமும் ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்கலாம். நம்மை நடத்துகிறவர் சலித்துக்கொள்ளுகிறவர் அல்லர்.

இதை உங்களுக்கு எழுதுமுன், வியாழக்கிழமை மாலை அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்றேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "எனக்கு அப்போதே தெரியும் ஐயா. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீங்களே சொல்லுவீர்கள் என்று காத்திருந்தேன்" என்றார். இரண்டு ஆண்டுகள் அவர் ஞாயிறுதோறும் என் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்திருக்கிறார். அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். சிறுமி உள்ளேயிருந்து வந்து, தனக்கு இப்போது பெரிய சைக்கிள் வேண்டும் என்று கேட்டாள்.

அன்புள்ள ஆண்டவரே, உயரத்தில் எங்களைத் தாங்குகிற நீர், தரையிலும் எங்கள் கண்களைத் திறந்து வையும். பத்திரமென்று நாங்கள் நினைக்கும் இடங்களில் எங்களை விழிப்பாய்க் காத்தருளும். மறைத்து வைத்ததைச் சொல்லும் தைரியத்தைத் தாரும். நாங்கள் கட்டுத்தறி சேரும் வரை எங்களோடிரும். ஆமென்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வளாகத்தில் வண்டிகளை எடுக்கும்போது, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து எடுங்கள். நானும் பார்ப்பேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்